நான் வாசித்த நான்கு நாட்கள்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "லைன் கிளியர் இல்ல மகன், பொறகு எடு" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இதைப் பேச என்னால் முடியாது. தனியாக இருந்திருந்தாலும் போனில் சொல்லியிருக்க மாட்டேன். நீ இடையில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். இதில் சரி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன். முழுவதையும் வாசி. பாதியில் நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். கொழும்பில் நீ வேலை செய்யும் அரச வானொலியில் வருகிற திங்கட்கிழமை பணிப்பகிஷ்கரிப்பு. தற்காலிக அறிவிப்பாளர்களை நிரந்தரமாக்கச் சொல்லி எல்லாரும் வெளியே வருகிறார்கள். நீயும் தற்காலிகம்தான், கூட்டத்தில் நீயும் கை தூக்கியிருக்கிறாய். அதற்கு அடுத்த நாள் முகாமையாளர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளேயே தங்கித் தமிழ்ச் செய்தியை வாசித்தால் நிரந்தர நியமனம் உனக்கு மட்டும் வரும் என்று சொல்லியிருக்கிறார். தர்ஷினிக்கு ஏழாம் மாதம். "என்னம்மா செய்ய?" என்று கேட்டாய்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதே. உன் குரல் நல்ல குரல் என்பதால் அவர் உன்னைக் கூப்பிடவில்லை. உன் குரல் சாதாரணக் குரல். உச்சரிப்பு சுத்தம், அவ்வளவுதான். முப்பது வருடம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவள் சொல்கிறேன். உங்களில் யார் பயந்தவர் என்று அவர் ஒவ்வொருவராகப் பார்த்திருப்பார். உன்னைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தியிருப்பார். என்னையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பயம் உனக்கு என்னிடமிருந்து வந்தது.

உனக்கு ரெஜினா ஆன்ட்டியை ஞாபகம் இருக்குமா தெரியாது. வட்டகொடையிலிருந்து ரயிலில் நானுஓயா வந்து, பஸ் பிடித்து நுவரெலியா கலையகத்துக்கு வருவாள். அங்கே எங்கள் மலையக நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளர்கள் ஆறு பேர் இருந்தோம். எல்லாரும் தற்காலிகம். வாசித்த நாளுக்குத்தான் சம்பளம். நானும் அவளும் ஒரே வயது, ஒரே மாதத்தில் சேர்ந்தோம். உனக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் என் நேரத்தை அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு, வரவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்து வைத்தாள். பிடிபட்டால் அவள் வேலை போயிருக்கும். நான் கேட்கக்கூட இல்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "நீ போயி குளிச்சிட்டு வா புள்ள, நா பாத்துக்குறேன்" என்பாள். பிறகு ஒரு நாள் அவள் வரவில்லை. நீ கேட்டபோது வெளிநாட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். நீ பெரியவனான பிறகும் அதையேதான் சொன்னேன். அவள் இந்த மாவட்டத்தை விட்டு எங்கேயும் போகவில்லை.

அப்போதும் உங்களுடையது போல ஒரு பிரச்சினைதான். நிரந்தர நியமனம் வேண்டும், காலை நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு வாகனம் வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு நிகழ்ச்சி. ரெஜினா முதல் நாளே வந்து யார் வீட்டிலாவது படுத்துக்கொள்ள வேண்டும். அவள்தான் எல்லாரையும் சேர்த்தாள். நுவரெலியாவில் ஒரு கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நின்று பேசினோம். "ஆறு பேரும் வெளிய நின்னாத்தான் இது நடக்கும். ஒருத்தர் உள்ள போனாலும் அவங்களுக்குப் போதும், நிகழ்ச்சி நடக்குதுன்னு காட்டிருவாங்க. யாருக்காச்சும் பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க, தப்பா நெனைக்க மாட்டேன்" என்றாள். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பயம் இல்லை என்பது கூட உண்மைதான்.

வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் பொறுப்பதிகாரி ஜீப்பில் ராகலைக்கு வந்தார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். நாம் அப்போது தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருந்தோம். உன் அப்பாவுக்குத் தேயிலைப் பெக்டரியில் இரவு முறை. அவர் கிளம்பிப் போனபின் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, நீ படுத்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். உனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நங்கி, நாலு நாள். நாலு நாள் வந்தா போதும். நியமனக் கடிதம் நான் எழுதியாச்சு" என்று தங்கையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் மிரட்டவில்லை, மகன். யாராவது மிரட்டினால் உனக்கு எளிது. பிறகு சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். அவர் தன்மையாகக் கேட்டார். நான் எத்தனை மணிக்கு ஜீப் வரும் என்று கேட்டேன்.

விடியற்காலை உன்னைப் பக்கத்து வீட்டுக் காளியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கலையக வாசலில் மழைத்தூறலில் ஐந்து பேரும் கோரிக்கை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜீப் அவர்களைத் தாண்டும்போது நான் குனிந்துகொண்டேன். ஆனால் கேட்டைத் திறக்க நேரமாயிற்று. ரெஜினா கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓடி வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. பதறிப்போய்க் கேட்டாள்.

"ஏன் புள்ள, ஒன்ன புடிச்சிட்டு வந்துட்டாங்களா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நியமனத்துக்காகப் போனதைக்கூட யாராவது மன்னிக்கலாம். அந்தத் தலையாட்டலுக்கு மன்னிப்பு இல்லை. அவள் அதை நம்பினாள். மற்ற நால்வரிடமும் போய், அவளைக் குறை சொல்லாதீங்க, பாவம், பிள்ளைக்காரி, கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் அந்த மழையில் நின்று எனக்காக வாதாடியிருக்கிறாள்.

நான் வாசித்தேன். காலையில் வாசித்தேன், மத்தியானம் வாசித்தேன், மாலையில் வாசித்தேன், இரவில் கலையகத்திலேயே படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், தேநீர் கொண்டு வருகிற கிழவர் கோப்பைத் தட்டுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுப் போனார். ரெஜினாவின் கையெழுத்து. 'உன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், பயப்படாதே, நேயர் கடிதங்களோடு சேர்த்து இந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிடு' என்று எனக்கு எழுதியிருந்தாள். 'உங்கள் அறிவிப்பாளர்கள் ஐந்து பேர் மூன்று நாளாக வாசலில் நிற்கிறார்கள்.' அதுதான் அந்த வரி. அதற்குக் கீழே, 'உனக்கு ஒன்றும் வராது, நான் கொடுத்த கடிதம் என்று தெரியட்டும் என்பதற்காகவே என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள்.

அப்போது பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிய மூன்று நிமிடம் இருந்தது. நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், இடுப்பில் செருகிக்கொண்டிருக்கலாம். யாரும் என்னைச் சோதிக்கவில்லை, யாருக்கும் தெரியாது. நான் எழுந்து பொறுப்பதிகாரியின் அறைக்குப் போய் அதை அவர் மேசையில் வைத்தேன். பாட்டு முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

உனக்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. அந்தக் காய்ச்சல், அந்தப் பாய், அந்த லயம், உன் படிப்பு. பல வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், இந்த வேலையே உனக்காகத்தான் என்று உன்னிடமும் சொன்னேன். நீ அதில் ஒரு காரணமும் இல்லை. நியமனக் கடிதம் ஏற்கெனவே என் கைக்கு வந்தாயிற்று. காகிதத்தைக் கொடுத்ததால் எனக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ரெஜினாவுக்கு வருகிற நேயர் கடிதம் ஒரு பை நிறைய இருக்கும். எனக்கு நாலோ ஐந்தோ வரும். அவள் மைக்கைத் திறந்து 'வணக்கம்' என்று சொன்னால், ஒலிப்பதிவு அறையில் சிங்களப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மொழி விளங்காமலே கேட்பார்கள். அந்த மூன்று நிமிடத்தில் எனக்குள் ஓடியது அதுதான். அவள் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நல்லவளாக இருக்கிறாளே என்றுதான் தோன்றியது, எரிச்சலாக.

நான்காம் நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. மற்ற நால்வரிடமும் மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துவிட்டார்கள். ரெஜினாவுக்கு மட்டும் விசாரணை. அரச ஒலிபரப்பில் தலையிட முயன்றாள் என்று குற்றம். நான் கொண்டுபோய்க் கொடுத்த காகிதம் சாட்சி. கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேசைதான்.

"இந்தக் கடிதத்தைக் குடுத்து உங்கள மிரட்டினாங்களா?" என்று அவர் கேட்டார்.

இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அவளுக்கு எச்சரிக்கையோடு போயிருக்கும் என்று பிறகு தெரிந்தது. நான் சொன்னேன்: "ஆமா சார். வாசிக்கலன்னா எம் புள்ளைய ஏதாச்சும் செய்வோம்னு ஆள் விட்டு சொன்னாங்க."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஜீப்பில் நான் தலையை ஆட்டியது, அந்த இரண்டு நாள், அந்தக் காகிதம், எல்லாம். அவள் அழுவாள், என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் அதிகாரியிடம், "அவங்க சொன்னா அப்புடியே எழுதிக்குங்க சார்" என்றாள். எழுந்து போகும்போது என் நாற்காலிப் பக்கம் நின்றாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சாங்க?"

அது வரை என்னை அவள் ஒரு தடவைகூட நீங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. குத்திக்காட்டுவதற்காகக் கேட்டாள் என்று நினைக்காதே. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விட்டுவிட்டது என்று சொன்னேன். போய்விட்டாள்.

உன் அப்பா என் குரலைப் பெக்டரியில் கேட்டிருக்கிறார். கொழுந்து வாட்டுகிற மாடியில் ரேடியோ இருந்தது. அவர் தோட்டத்துச் சங்கக் கமிட்டியில் இருந்தவர். மற்ற ஆண்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் வீடு திரும்பிய அன்று, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, "நீ ரேடியோல பேசு. வீட்ல பேசாத" என்றார். அவ்வளவுதான். கமிட்டியிலிருந்து அவரே விலகிக்கொண்டார். ஆறு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. "அம்மாகிட்ட சொல்லு, உப்பு இல்லன்னு." "அப்பாகிட்ட சொல்லு, நாளைக்கு வாங்கிக்கலாம்னு." நடுவில் நின்று நீதான் சொன்னாய். உனக்கு மூன்று வயது. முழு வாக்கியம் பேச நீ பழகியதே அப்படித்தான். காளியம்மா உன்னைப் பிறகு பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவில்லை, பார்த்துக்கொண்டாள். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் எல்லாப் பெண்களுக்கும் நடுவில் சொன்னாள்: "நீ வாசிக்கிற நேரத்துக்கு நாங்க ரேடியோவ அமத்திட்டு பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போயிருவோம். காலையில நல்ல கொரல் கேட்டுட்டு மலைக்குப் போன ஆளுங்க நாங்க." யாரும் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில், இப்படிப் பெற்ற வேலையில் நான் நிம்மதியாக இருக்கவில்லை என்று எழுதினால் உனக்குத் தீர்மானிக்க எளிதாக இருக்கும். அது பொய். எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை, மகன். வாக்குக் கொடுத்தது எல்லாம் வந்தது. லயத்தை விட்டு வந்தோம், ராகலையில் இந்த வீட்டைக் கட்டினோம், நீ படித்தாய், இன்றைக்கும் மாதம் பிறந்தால் பென்சன் வருகிறது. உன் முகாமையாளரும் சொன்னதைச் செய்வார். அவர்கள் இந்த விஷயத்தில் ஏமாற்றுவதில்லை.

ஆனால் நான் என்ன ஆனேன் என்பதையும் கேள். சேர்ந்து வேலை செய்த நால்வரும் எனக்கு முன்னால் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்கிரிப்டில் வேண்டுமென்றே ஊர்ப் பெயரை மாற்றி எழுதி வைப்பார்கள். நான் அப்படியே வாசித்து மாட்டிக்கொள்வேன். நான் விட்டுவிடவில்லை. யார் தாமதம், யார் வெளியில் நாடகத்துக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் மேலே சொன்னேன். பிறகு நானே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஆனேன். புதிய அறிவிப்பாளர்களைக் குரல் பார்த்து எடுக்கிற வேலை எனக்கு. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பேன். கேட்டதும் உடம்பு சிலிர்க்கிற மாதிரி ஒரு குரல் வந்தால் அந்தப் பெயருக்கு நேராகக் கோடு போடுவேன். அத்தனை வருடத்தில் ஒரு நல்ல குரலைக்கூட நான் உள்ளே விடவில்லை. வெளியே வந்து, "எப்புடி மிஸ் இருந்திச்சு?" என்று கேட்பார்கள். "மூக்கால பேசுற பிள்ள" என்பேன். ஒரு பெண் அங்கேயே நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இந்த வாரம் வரை ரெஜினாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், நீ சின்னவனாக இருந்தபோது, ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். நுவரெலியா டவுனில் ஒரு துணிக்கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாரி, சட்டை, பிள்ளைகளுக்குப் பாவாடை என்று காலையிலிருந்து கத்தித் தொண்டை கிழிந்துபோயிருந்தது. குரல் எங்கேயோ அடியில் மட்டும் இருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போனேன். நீ, அந்த ஆன்ட்டி யாரும்மா, நம்மளப் பாக்குறாங்களே என்று கேட்டாய். நம்மைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கிறாள் என்று சொன்னேன்.

உன் போன் வந்து மூன்றாம் நாள் அவளைத் தேடிப் போனேன். அப்பாவிடம் கண் டாக்டரிடம் போகிறேன் என்று சொன்னேன். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். தையல் மெஷினில் ஸ்கூல் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். யார் என்று கேட்கவில்லை. நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே உனக்கு எழுதியதைவிட நன்றாகவே சொன்னேன், அழுதுகொண்டு. கடிதப் பை மேல் எனக்கிருந்த பொறாமையையும் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"இத்தன வருசம் வராம இப்ப என்னாத்துக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமையைப் பற்றி, முகாமையாளரைப் பற்றி. "அவனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல ரெஜினா. நீ ஒரு வார்த்த சொல்லு" என்றேன்.

அவள் மெஷினில் கிடந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு சாதாரணமாக, அளவெடுத்துக்கொண்டு சொல்வது போலச் சொன்னாள். "போகச் சொல்லுங்க. உள்ள போயி வாசிக்கட்டும். நெரந்தரம் ஆகட்டும். ஒங்கள மாதிரியே வீடு கட்டட்டும், பென்சன் எடுக்கட்டும். வயசான காலத்துல எவ வீட்டுக்காச்சும் போயி, இப்புடி ஒக்காந்து மூக்கச் சிந்தட்டும். ஒங்க புள்ளைக்கு நா வேற என்னா கேக்கப் போறேன்."

"அவன் நீ மடியில வச்சிருந்த புள்ள" என்றேன்.

"அதனாலதான் அவனுக்கு வேலையும் கெடைக்கட்டும்ங்கிறேன்" என்றாள். பிறகு டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கு வேண்டாம் என்று எழுந்து வரத் தைரியம் இல்லை. முழுவதையும் குடித்தேன். நான் குடித்து முடிக்கும் முன்பே மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

உன் ஆன்ட்டி உனக்குச் சொன்னது அது. நான் சொல்வது சுருக்கம். வாசலில் நிற்பதென்றால், உள்ளே போகிறவனை நம்பாதே. அவன் தலையை ஆட்டினால் நம்பவே நம்பாதே. விசாரணை என்று கூப்பிட்டால் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மறந்துவிடு. உள்ளே போவதென்றால், தர்ஷினிக்காகப் போனேன், பிறக்கப் போகும் பிள்ளைக்காகப் போனேன் என்று அவர்களிடம் மட்டும் சொல்லாதே. பிள்ளை அதை நம்பி வளரும். உன்னைப் போல.

வெளியே நின்று உன் வேலை போனால் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. பின்னறை இருக்கிறது, டவுனில் ஏதாவது வேலை கிடைக்கும், கிடைக்காவிட்டால் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. அப்பா ஒரு வாரம் திட்டுவார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உள்ளே போனாய் என்றால் உனக்கு நியமனம் வரும், நான் மறைக்கவில்லை. அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறாதே. நான் உன்னைவிட நல்லவள் என்று இதைச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அப்படிப்பட்ட ஆள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இரண்டாவதைத் தாங்க மாட்டார்.

அம்மா